கமகம் கற்ற கணினி

தோடி ராக வர்ணம் ஒன்றைப் புத்தகத்தில் அச்சிட்டபடியே, சுரம் சுரமாகக் கணினியில் தட்டி வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். ஒரு சுரமும் தவறாது. தாளம் இம்மியும் பிசகாது. ஆனால் காதில் விழுவது தோடியாக இருக்காது. இந்துஸ்தானி பைரவியின் சாயல்தான் அடிக்கும். சுரமெல்லாம் இருக்கிறது, ராகத்தைத்தான் காணோம். கர்நாடக இசைக்கென்று தனியாக மென்பொருள் எழுத வேண்டி வந்ததற்குக் காரணம் இதுதான்.

கணினியைப் பாட்டுக் கட்ட வைக்கும் ஆசை அமெரிக்காவில் முதலில் நிறைவேறியது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் லெஜாரென் ஹில்லர் என்ற வேதியியலாளர், லியோனர்ட் ஐசக்ஸனுடன் சேர்ந்து, அங்கிருந்த 'இல்லியாக்' கணினியை இசையமைக்கப் பழக்கினார். கணினி கண்மூடித்தனமாக எண்களை எடுக்கும். ஒவ்வொரு எண்ணும் ஒரு சுரம். மேற்கத்திய இசை இலக்கணத்துக்கு ஒவ்வாததைக் கழித்துவிட்டு, ஒத்துவருவதை மட்டும் கோத்துக்கொண்டே போகும். 1957-இல் 'இல்லியாக் தொகுப்பு' என்ற பெயரில் நான்கு தந்திக் கருவிகளுக்கான இசை அப்படித்தான் உருவானது. பிறகு கனடாவில் பீட்டர் கேனன் என்ற மருத்துவர் 1990-இல் 'பேண்ட் இன் எ பாக்ஸ்' மென்பொருளைக் கொண்டுவந்தார். 'கார்டு' எனும் சுரக்கூட்டுகளின் பெயர்களை வரிசையாகத் தட்டினால் போதும். டிரம், பேஸ், பியானோ மூன்றும் கூடவே வாசிக்கும். தனியாக உட்கார்ந்து கிட்டார் பழகுகிறவருக்கு ஒரு குழுவே துணைக்கு வந்துவிட்டது. பின்னர் வந்த பதிப்புகள் மெட்டையும் தாமே போட்டன.

சுரங்களை எண்களாக்கி அடுக்கும் இந்தக் கணக்கு நமக்குப் புதிதல்ல. 13-ஆம் நூற்றாண்டில், தேவகிரி யாதவ மன்னன் சிங்கணனின் அவையில் இருந்த சார்ங்கதேவர், 'சங்கீத ரத்னாகரம்' நூலில் 'கண்டமேரு' என்ற கட்டத்தைப் போட்டுக் காட்டியிருக்கிறார். ஏழு சுரங்களை, ஒவ்வொன்றும் ஒருமுறை மட்டும் வரும்படி அடுக்கினால் 5040 வரிசைகள் கிடைக்கும். அத்தனையையும் எழுதிப் பார்க்காமலே, 'இத்தனையாவது வரிசை எது?' என்ற கேள்விக்கும், 'இந்த வரிசை எத்தனையாவது?' என்ற கேள்விக்கும் அந்தக் கட்டம் விடை சொல்லும். இன்று நிரல் எழுதுபவர் செய்வதும் இதே வேலைதான். 17-ஆம் நூற்றாண்டில் தஞ்சையில் வேங்கடமகி, 'சதுர்தண்டி பிரகாசிகை'யில் மேளங்களை 72 என்று கணக்கிட்டு முடித்தார். ஆக, சுரங்களை எண்ணுவதிலும் மாற்றி அடுக்குவதிலும் நமக்குச் சிக்கல் இருந்ததே இல்லை.

சிக்கல் சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் இருந்தது. தோடியின் காந்தாரத்தையே எடுத்துக்கொள்வோம். தாளில் 'க' என்று ஒரே எழுத்து. பாடும்போதோ குரல் அந்த இடத்தில் நிற்பதே இல்லை. ரிஷபத்தின் பக்கம் இறங்கி, மத்யமத்தைத் தொட எழும்பி, மறுபடி இறங்குகிறது. கேட்பவர் மனம் அந்த அசைவு முழுவதையும் சேர்த்துத்தான் காந்தாரம் என்று எடுத்துக்கொள்கிறது. இந்த அசைவுதான் கமகம். அதே சாதாரண காந்தாரம் கரகரப்பிரியாவில் வேறு விதமாக அசையும். முன்னால் எந்தச் சுரம், பின்னால் எந்தச் சுரம், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதைப் பொறுத்து ஒரே ராகத்துக்குள்ளேயே அசைவு மாறும். இதை வழக்கமான பாட்டுப் புத்தகம் எழுதி வைக்கவில்லை. குருவின் வாயைப் பார்த்துப் பிடித்துக்கொள் என்று விட்டுவிட்டது.

அதனால்தான் நம் சாதக அறைக்குள் நுழைந்த முதல் மின்னணுத் துணை, பாட்டுக் கட்டுகிற வேலைக்கே போகவில்லை. பெங்களூரில் பொறியாளரும் புல்லாங்குழல் கலைஞருமான ஜி.ராஜ் நாராயண் 1979-இல் மின்னணுச் சுருதிக் கருவியைச் செய்து, அதே ஆண்டு சென்னை மியூசிக் அகாடமியின் மாநாட்டில் இசைக் கலைஞர்களிடம் காட்டினார். சட்ஜமும் பஞ்சமமும் அசையாத சுரங்கள். அவற்றைப் பிசிறில்லாமல் ஒலிக்கச் செய்வது மின்னணுவியலுக்குக் கைவந்த வேலை.

அசைகிற சுரங்களின் பக்கம் துணிந்து போனவர்களில் முக்கியமானவர் எம்.சுப்பிரமணியன். அவர் எழுதிய 'காயகா' மென்பொருள், தட்டச்சு செய்த சுரக்குறிப்பை வாசித்துக் காட்டும். 'ரசிகா' என்ற இன்னொன்று இசை கற்பவருக்கானது. கணினியில் கர்நாடக இசையை ஒலிக்கச் செய்வது பற்றி 1999-இல் 'சங்கீத நாடக்' இதழில் எழுதினார். 2002-இல் கமகங்களைக் கணினியால் அளந்து பார்த்த கட்டுரை வந்தது. 2007-இல் தோடி ஒன்றை மட்டுமே எடுத்துக்கொண்டு அதன் சுரங்களையும் கமகங்களையும் அலசினார். 2009-இல், கமகக் குறிப்பு எதுவும் இல்லாத வெற்றுச் சுரக்குறிப்பைக் கொடுத்தாலே கணினி தானாகக் கமகம் சேர்த்து வாசிக்கும் முறையை முன்வைத்தார். தொடக்கத்தில் பார்த்த சிக்கலுக்கு அதுவே விடை: ராகம் எது, அக்கம்பக்கத்துச் சுரங்கள் எவை, கால அளவு என்ன என்று பார்த்து, அந்தச் சூழலுக்குரிய அசைவைக் கணினி பொருத்த வேண்டும்.

இதே பாதையில் இன்னொரு முடிச்சும் அவிழ்ந்தது. வர்ணத்தை இரண்டு காலங்களிலும் பாடிப் பழகியவர்களுக்குத் தெரியும்: முதல் காலத்தை அப்படியே இருமடங்கு வேகத்தில் ஓட்டினால் அது இரண்டாம் காலம் ஆகாது. சில அசைவுகள் சுருங்கும், சில மறையும், சில வேறு வடிவம் எடுக்கும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஸ்ரீகுமார் சுப்பிரமணியன், சகானா வர்ணமான 'கருணிம்ப'வை வைத்து இந்த மாற்றத்துக்கு விதி தேடி, 2013-இல் முனைவர் ஆய்வேடாக முடித்தார்.

அடுத்த கட்டத்தில் கணினி வாசிப்பதோடு நிற்காமல் கேட்கவும் தொடங்கியது. பார்சிலோனாவில் ஹவியர் செர்ரா 2011-இல் தொடங்கிய 'காம்ப்மியூசிக்' திட்டத்தில் சென்னை ஐ.ஐ.டி.யின் ஹேமா மூர்த்தியும் பங்கெடுத்தார். அந்தத் திட்டத்தில் ஆய்வு செய்த கோபால கிருஷ்ண கோடூரி முதலானோர் நிறுவிய 'மியூசிக்முனி'யின் 'ரியாஸ்' செயலி, நாம் பாடும்போதே குரல் போகும் வழியைத் திரையில் கோடாக வரைந்து, எங்கே விலகினோம் என்று காட்டும்.

இன்று ஒரு வரி எழுதிக் கொடுத்தாலே முழுப் பாட்டையும் செய்து தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்துவிட்டன. குவித்து வைத்த ஒலிப்பதிவுகளிலிருந்து அவை கற்கின்றன. குழைவைக்கூட ஓரளவு போலி செய்கின்றன. ஆனால் அந்தக் காந்தாரத்தை ஏன் அப்படி அசைத்தாய் என்று கேட்டால் அவற்றிடம் விதி எதுவும் கிடையாது. 'காயகா' வழியில் விதி வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது. எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம், வித்வானிடம் காட்டி வாதாடலாம். கற்பவருக்கு இதுதான் பெரிய உதவி என்பேன். பாட்டுச் செய்து தரும் மென்பொருளைவிட, பாடுகிறவரைச் செய்து தரும் மென்பொருள்தான் நமக்கு வேண்டும்.

ஜவ்வாது மலையை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன். ஜமுனாமரத்தூர்ப் பிள்ளை ஒருத்தி நாள்தோறும் போளூருக்கு இறங்கிப் பாட்டுக் கற்பது நடக்கிற காரியமல்ல. செல்பேசியில் ஒரு சுருதியும், தன் குரலைக் காட்டும் ஒரு கோடும் இருந்தால், குருவைப் பார்க்கும் நாள்வரை அவள் சாதகம் நிற்காது. ஆனால் அந்த மலைக்கென்றும் பாட்டு இருக்கிறது. சாமை விளைவிக்கும் மலையாளிப் பழங்குடி மக்கள் தங்கள் விசேஷங்களில் பாடும் பாட்டுக்கும் அதற்கேயுரிய குழைவு உண்டு. வர்ணத்துக்கென்று வகுத்த விதி அதைப் பிடிக்காது; பிழை என்று கோடு போட்டுவிடும். தோடிக்கு ஒருவர் வருஷக்கணக்கில் காது கொடுத்து அளந்ததால்தான் கணினிக்குத் தோடி வந்தது. மலைப்பாட்டுக்கும் அதே உழைப்பு தேவை. அங்கே பாடுகிற பெரியவர்களின் சம்மதத்தோடு பதிந்து, அவர்களையே பக்கத்தில் வைத்துக்கொண்டு, எது சரி, எது பிசகு என்று அவர்கள் சொல்லச் சொல்ல விதியை எழுத வேண்டும். அடுத்த மென்பொருள் அங்கிருந்து பிறக்கட்டும்.