அகுத்தகாவாவின் கதையில் அன்னை

'ராஷோமோன்' திரைப்படம் 1950இல் வெளிவந்தபின், அதற்கு மூலமான கதைகளை எழுதிய ஜப்பானிய ஆசிரியர் அகுத்தகாவா ரியுனோசுக்கேயின் பெயர் உலகெங்கும் பரவிற்று. ஆயினும் அவர் உள்ளத்தை அறிய விரும்புவோர் படிக்கத்தக்கது, 1926இல் அவர் எழுதிய 'இறந்தோர் பதிவேடு' என்னும் சிறு படைப்பேயாகும். தம் தாய் சித்தம் கலங்கியவர் என்பதை அதன் தொடக்கத்திலேயே ஒளிவுமறைவின்றிக் கூறிவிடுகிறார். புகழ்பெற்றுப் பத்தாண்டுகள் கழிந்த பின்னரே அவருக்கு இது கைகூடிற்று.

அவர் 1892இல் டோக்கியோவில் பிறந்த சில மாதங்களில் தாய்க்கு நோய் கண்டது. குழந்தை தாய்மாமன் வீடு சேர்ந்தது. மணமாகாத பெரியம்மா வளர்த்தார். நாளடைவில் மாமனின் குடிப்பெயரே அவர் பெயருமாயிற்று. பால் வாணிகரான தந்தையோ மகனைத் திரும்பப் பெற வாழைப்பழமும் ஐஸ்கிரீமும் வாங்கித் தந்து, ஓடி வந்துவிடுமாறு அழைத்தாராம்! வாழைப்பழம் அன்று ஜப்பானில் புதுமைப் பண்டம் என்பதை நம்மவர் நினைவிற் கொள்ளவேண்டும்.

அன்னையிடம் தாயன்பையே உணர்ந்ததில்லை என்கிறார் ஆசிரியர். தனியே அமர்ந்து நீண்ட குழலிற் புகைபிடிக்கும் அமைதியான பெண் அவர். படம் வரையச் சொன்னால் வரைவார். அதிலுள்ள மாந்தர்க்கெல்லாம் நரிமுகம் இருக்கும். 1902இல் அவர் மரணப்படுக்கையில் கிடந்தபோது, முதல் நாளிரவு மகன் அழுதான். மறுநாள் கண்ணீர் வரவில்லை. ஓயாது அழும் தமக்கைக்கு நாணி, அழுவதுபோல் நடித்தான். தனக்கு அழுகை வராதவரை அன்னை இறக்கமாட்டாள் என்றும் நம்பினான்! இறுதியில் தெளிவு வந்தவர்போல் பிள்ளைகளின் முகம் பார்த்துத் தாய் கண்ணீர் உகுத்தார், பேசவில்லை. பைத்தியத்தை அச்சமூட்டும் பொருளாக்கிய நாவல்கள் பல உண்டு. பெற்ற தாயின் வீட்டில் பிள்ளை விருந்தாளியாக நின்ற நிலையை இவ்வளவு நேர்மையாகக் காட்டியவை சிலவே.

தாயின் நோய் தம்மையும் பற்றுமோ என்ற அச்சம் அவரைவிட்டு அகலவில்லை. 1927 சூலை 24இல், 35ஆம் வயதில், தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். பரம்பரைதான் காரணமென்று சிலர் எளிதாக முடித்துவிடுகின்றனர். அச்சமும் ஒரு நோயாக வளரும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. அவர் மறைவுக்குப்பின் வெளிவந்த 'ஒரு மூடனின் வாழ்க்கை'யில், மனநோய் மருத்துவமனைக்குச் செல்லும் இளைஞன் ஒருவன் வருகிறான். அங்குள்ளோரின் உடல் நாற்றம் அவனுக்குத் தன் தாயின் நாற்றமாகவே படுகிறது.