ஈட்டனில் ஒரு பைத்தியம்

ஷெல்லியின் கவிதைகளைவிட அவன் பள்ளிக்கூட நாட்கள்தாம் என் மனசைப் பிடித்துக்கொண்டன. 1804-ல், 12 வயதில், ஈட்டன் பள்ளியில் சேர்ந்தான். அங்கே 'ஃபாகிங்' என்று ஒரு வழக்கம். சின்ன வகுப்புப் பையன் பெரிய வகுப்புப் பையனுக்கு ஜோடு துடைக்க வேண்டும், ரொட்டி வாட்ட வேண்டும், கூப்பிட்ட குரலுக்கு ஓட வேண்டும். பிரபு வீட்டுப் பிள்ளைகளும் வாய் பேசாமல் செய்தார்கள். ஏன் செய்யமாட்டார்கள்? சில வருஷம் பொறுத்தால் தனக்கும் ஓர் அடிமை கிடைப்பானே! அந்த வழக்கத்தைக் காப்பாற்றியது இந்தக் கணக்குத்தான், பிரம்பு அல்ல என்பது என் கட்சி. (பிரம்புக்கும் குறைவில்லை, 1809-ல் தலைமையாசிரியரான கீட் அதில் பேர் போனவர்.)

ஷெல்லி மாட்டேன் என்றான் என்று அவன் மனைவி மேரி எழுதியிருக்கிறாள். அவ்வளவுதான், ஒரு கும்பலே திரண்டுவிட்டது. 'பைத்தியக்கார ஷெல்லி' என்று கத்திக்கொண்டே வளைத்து நின்று, சட்டையைப் பிடித்து இழுத்து, இடுக்கியிருந்த புத்தகங்களைத் தட்டிவிடுவார்கள். அவனும் நம் கதைகளில் வரும் வீரன் மாதிரி புன்னகை செய்துகொண்டு நிற்கவில்லை, ஆத்திரத்தில் கிறீச்சிட்டான். அந்தக் குரல் கூடப் படித்தவர்களுக்கு வெகு காலம் மறக்கவில்லை.

1810-ல் ஈட்டனை விட்டான். மறு வருஷம் ஆக்ஸ்போர்டில், நாஸ்திகப் பிரசுரம் ஒன்றைக் காட்டி, "நீ எழுதியதா?" என்று கேட்டார்கள். பதில் சொல்ல மறுத்தான், வெளியே அனுப்பிவிட்டார்கள்.