டீத்தூள் போட்ட பாதை

இடது பக்கம் முள்புதர். வலது பக்கம் ஒன்றுமே இல்லை... நேரே கடல்! நடுவே, எதிரில் ஆள் வந்தால் யாராவது ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய அளவுக்கு ஓர் ஒற்றையடிப் பாதை. ஏறு, இறங்கு, ஒரு துண்டு மணல்வெளி, மறுபடி ஏறு. நாள் முழுக்க இதே கதைதான்.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், மைன்ஹெட் என்ற ஊரில் தொடங்கி, டெவன், கார்ன்வால் கரைகளைச் சுற்றிக்கொண்டு பூல் துறைமுக வாயிலில் முடிகிறது இந்தப் பாதை. நீளம் 630 மைல். அதாவது, ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேலே. மொத்த ஏற்றத்தையும் கூட்டினால் ஏறத்தாழ நாலு எவரெஸ்ட்!

நடக்கிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் எரிச்சலே வந்துவிடும். கொஞ்சம் உள்ளே தள்ளிப் போனால் சமதளமாக வயல்வெளி இருக்கிறது. அதை விட்டுவிட்டு, எந்தப் புண்ணியவான் பாறை விளிம்பை உரசிக்கொண்டே வழி போட்டான்?

விடை, டீக்கடையில் இருக்கிறது.

18-ம் நூற்றாண்டில் பிரிட்டிஷ்காரர்களுக்கு டீப் பைத்தியம் பிடித்திருந்தது. (அப்போது நீலகிரியும் இல்லை, சிலோனும் இல்லை. எல்லாம் சீனத்துச் சரக்கு.) அரசாங்கம் சும்மா இருக்குமா? போட்டது வரி. 1784-க்கு முன்பு அது 119 சதவிகிதம் வரை போனது. பத்து ரூபாய் டீத்தூளுக்குப் பன்னிரண்டு ரூபாய் வரி என்றால், யார்தான் நேர் வழியில் வாங்குவார்கள்? பிரான்ஸ் பக்கத்திலிருந்து ராத்திரியோடு ராத்திரியாகப் படகுகள் வர ஆரம்பித்தன. டீ, பிராந்தி, ஜின், புகையிலை. ஊரே கூட்டாளி. மீனவர் படகு தருவார், விவசாயி குதிரை தருவார்.

கார்ன்வாலில் ஜான் கார்ட்டர் என்று ஒருவர். சின்ன வயசு விளையாட்டில் 'பிரஷ்ய ராஜா' வேஷம் கட்டியதால் அதுவே பட்டப்பெயராகி, அவர் தொழில் நடத்திய குடாவுக்கும் 'பிரஷ்யா கோவ்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவர் இல்லாத நேரத்தில் சுங்க அதிகாரிகள் வந்து சரக்கை அள்ளிப்போய் பென்சான்ஸ் கிடங்கில் பூட்டினார்கள். கார்ட்டர் ராத்திரியில் போய்ப் பூட்டை உடைத்து, தன்னுடையதை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாராம். 'வேற எதையும் தொடலியா? அப்ப வந்தது கார்ட்டர்தான்... அவர் நாணயமான ஆளாச்சே' என்று அதிகாரிகளே பேசிக்கொண்டதாக ஒரு கதை. தம்பி ஹாரி கார்ட்டர் அதற்கும் மேலே. கப்பலில் யாரும் கெட்ட வார்த்தை பேசக் கூடாது என்று சட்டம் போட்ட கடத்தல்காரர்! பிற்காலத்தில் மதப் பிரசங்கியாகி சுயசரிதையும் எழுதிவைத்தார். அது 1894-ல் புத்தகமாக வந்தது.

1784-ல் பிரதமர் பிட் டீ வரியைத் தடாலடியாக 12.5 சதவிகிதத்துக்கு இறக்கினார். டீ கடத்தல் படுத்துவிட்டது. ஆனால், பிரான்ஸோடு யுத்தம் வந்ததும் வரிகள் மறுபடி ஏறின. சாராயமும் புகையிலையும் ஓடிக்கொண்டேதான் இருந்தன.

கப்பலை மட்டும் வைத்துக்கொண்டு இவர்களைப் பிடிக்க முடியாது என்று அரசாங்கத்துக்கு உறைத்தது. 1809-ல் தடுப்புக் காவல் படை ஒன்று பிறந்தது. 1822-ல் இருந்த படைகளையெல்லாம் சேர்த்து 'கோஸ்ட் கார்டு' ஆக்கினார்கள். அந்தக் காவலர்களின் வேலை சிம்பிள்... நடக்க வேண்டும். ராத்திரி, மழை, புயல், எதுவானாலும். மேலே நின்று பார்த்தால் குடாவின் அடிமடி தெரியாது. விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தால்தான் உண்டு. ஒரு குடாவை விட்டால் போதும், அங்கேதான் அன்றைக்குச் சரக்கு இறங்கும். அந்தப் பூட்ஸ் கால்கள் தேய்த்த தேய்ப்புதான் இந்தப் பாதை!

பாவப்பட்ட உத்தியோகம். சொந்த ஊரில் போஸ்டிங் கிடையாது. சொந்தக்காரன் என்று கண்டுக்காமல் விட்டுவிடுவானே! வந்த ஊரிலோ, பிழைப்பைக் கெடுக்க வந்தவனுக்கு வாடகைக்கு வீடு தர ஆளில்லை. அதனால் அரசாங்கமே கடலைப் பார்த்து வரிசை வீடுகள் கட்டித் தந்தது. அவற்றில் பல இன்று விடுமுறைக்கு வருபவர்கள் தங்கும் வீடுகள்.

கடத்தல்காரர்களும் சளைக்கவில்லை. பீப்பாய்களைக் கயிற்றில் கோத்து, கல்லைக் கட்டிக் கடலுக்குள் இறக்கிவிட்டு, ஆள் நடமாட்டம் ஓய்ந்ததும் பாதாளக்கரண்டி மாதிரி கொக்கி போட்டு இழுத்தார்கள். காவலர்களும் அதே கொக்கியோடு துழாவினார்கள்.

கடைசியில் இந்த ஆட்டத்தை முடித்துவைத்தது பூட்ஸ் இல்லை... பட்ஜெட். 1840-களில் இறக்குமதி வரிகள் சரமாரியாகக் குறைய, கடத்தலில் லாபம் கரைந்துபோனது. காவலர்கள் உயிர் காக்கும் வேலைக்கு மாறினார்கள். அன்றாட ரோந்து நின்றதும் பாதையைப் பல இடங்களில் முள் மூடிக்கொண்டது. ஆள் நடக்காத பாதையை, 'எங்க நிலம்' என்று வேலி போட எவ்வளவு நேரமாகும்? 1949-ல் வந்த தேசியப் பூங்காக்கள் சட்டம்தான் அதை மீட்க வழி செய்தது. கார்ன்வால் பகுதி 1973-ல் திறந்தது, கடைசித் துண்டு 1978-ல். சட்டம் வந்து 29 வருஷம் கழித்து!

இப்போதும் பாறை சரிந்து பாதை விழுந்துகொண்டே இருக்கிறது. விழுந்த இடத்தில் உள்ளே தள்ளி மறுபடி போடுகிறார்கள்.

பிரஷ்யா கோவில் பாதையை விட்டுக் கீழே இறங்கினால், பாறையில் வண்டிச் சக்கரத் தடம் பதிந்திருப்பதைப் பார்க்கலாம். கடற்பாசியும் மீனும் ஏற்றிய வண்டிகள் என்பார்கள். பகலில் அப்படித்தான் இருந்திருக்கும்.