உத்திரமேரூர் சுவரும் 1948-ல் நடந்த ஒரு வாதமும்

குடவோலை முறை பற்றி நாம எல்லாரும் பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம். ஆனா அந்தக் கல்வெட்டு இந்திய அரசியல் நிர்ணய சபை விவாதத்திலும் பேசப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

1948 நவம்பர் 4. வரைவு அரசியலமைப்பை சபையில் வைத்துப் பேசுகிறார் அம்பேத்கர். கிராமத்தை அடிப்படை அலகாக எடுக்காமல் தனிமனிதனை எடுத்தோம், அதில் எனக்கு மகிழ்ச்சியே என்கிறார். கிராமம் என்பது அறியாமையும் குறுகிய மனமும் குடியிருக்கும் இடம் என்பது அவர் வாதம். ஊருக்கு வெளியே சேரி என்று ஒன்றை வைத்திருக்கும் கிராமத்தை அவர் வேறெப்படிப் பார்த்திருக்க முடியும், சொல்லுங்க?

சபையில் பலருக்குக் கோபம். காந்தி மறைந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவர் கனவு கண்ட கிராமத்துக்கு வரைவில் இடமே இல்லையா என்று கேட்டார்கள்.

நவம்பர் 22 அன்று கே. சந்தானம் ஒரு திருத்தம் கொண்டுவருகிறார்: அரசு கிராமப் பஞ்சாயத்துகளை அமைக்க வேண்டும். ஆதரித்துப் பேசியவர்களில் ஒருவர், சென்னை மாகாணத்தின் முன்னாள் பிரதமர் டி. பிரகாசம். நம் முன்னோருக்கு மக்களாட்சி புதிதல்ல என்பதற்கு அவர் காட்டிய சாட்சிதான் உத்திரமேரூர் கல்வெட்டு.

சரி, அந்தச் சுவரில் அப்படி என்னதான் இருக்கு?

வைகுண்டப் பெருமாள் கோயில். முதலாம் பராந்தக சோழன் காலம், கி.பி. 919, 921 ஆண்டுகளின் சாசனங்கள். ஊரில் 30 குடும்பு, அதாவது வார்டு. தகுதியானவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். ஓலையை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். கையில் வேற ஓலை ஒளிச்சு வைக்கக் கூடாதுல்ல!

பதவி 360 நாள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்கு காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது. அவர் மட்டுமா? அவருடைய பெரியம்மா, சின்னம்மா மகன்கள், அத்தை மகன், தாய்மாமன், மாமனார், மைத்துனர், மருமகன் என்று வரிசையாக அத்தனை பேருக்கும் தடை. நோயாளியிடம் குடும்ப வரலாறு கேட்கும்போது நாங்கள்கூட இவ்வளவு கேட்பதில்லை!

ஆனால் அதே சுவரைத் தொடர்ந்து படியுங்க. நிற்பதற்கு வரி கட்டும் கால் வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். 921 சாசனப்படி வயது 35-க்கு மேல், 70-க்குள். வேதம் கற்றிருக்க வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் முழுதாகக் கற்றவருக்கு அரைக்கால் வேலி நிலம் போதும் என்று ஒரு சலுகையும் உண்டு. இது பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். வயலில் இறங்கி உழுதவருக்கும், எந்தப் பெண்ணுக்கும் அந்தக் குடத்தில் ஓலை கிடையாது.

அதனால் என் கணிப்பில், பிரகாசம் காட்டிய சுவரே அம்பேத்கருக்கும் சாட்சி. கணக்கு காட்டும் ஒழுக்கத்தில் இன்றைக்கும் நாம் அந்தச் சபையை எட்டவில்லை. யார் உள்ளே, யார் வெளியே என்ற கேள்வியில் அது அம்பேத்கர் பயந்த கிராமமேதான்.

சுவாரசியம் என்னன்னா, திருத்தத்தை அம்பேத்கர் நீட்டி வாதாடாமல் ஒரே வரியில் ஏற்றுக்கொண்டார். அதுதான் இன்றைய 40-வது பிரிவு. ஆனால் அது வழிகாட்டு நெறி மட்டுமே, கோர்ட்டுக்குப் போய்க் கேட்க முடியாது.

அதற்குப் பல் முளைக்க 44 வருடம் ஆனது. 1992-ல் நிறைவேறி, 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்த 73-வது திருத்தம் பஞ்சாயத்துத் தேர்தலைக் கட்டாயமாக்கியது. கூடவே பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகை விகிதப்படி இடம், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இடம். தமிழ்நாட்டில் 2016-ல் அது 50 சதவீதமானது.

பிரகாசம் கேட்ட பஞ்சாயத்தும் வந்தது. அம்பேத்கர் கவலைப்பட்ட மனிதர்களுக்கு அதில் நாற்காலியும் வந்தது. அந்த நாற்காலியில் உட்கார விடாமல் தரையில் உட்கார வைக்கப்பட்ட தலைவர்களைப் பற்றிய செய்திகளையும் நாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.