ஓசைப் பீரங்கி

குண்டை எறிவதற்காக அல்லாமல் ஓசைக்காகவே சுடப்படும் பீரங்கியை இக்கட்டுரை ஓசைப் பீரங்கி என்று குறிப்பிடுகிறது. இதன் குழலில் கருமருந்து இருக்கும், குண்டு இருக்காது. நேரம் அறிவிக்கவும், மரியாதை செலுத்தவும், கப்பலுக்குச் சைகை காட்டவும் இவ்வகைப் பீரங்கிகள் பயன்பட்டன. மேலை நாடுகளில் இவற்றின் சிறு வடிவங்களைப் பொழுதுபோக்குக்காக வாங்குபவர்கள் உண்டு. கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒருவர் அப்படி ஒன்றை வாங்க நினைத்தால் எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்பதற்கு விடை இதன் வரலாற்றிலேயே இருக்கிறது.

தியாகதுருகம்

கள்ளக்குறிச்சியிலிருந்து உளுந்தூர்பேட்டை செல்லும் சாலையில் உள்ளது தியாகதுருகம். அதன் மலைக்கோட்டையில் பழைய பீரங்கிக் குழல்கள் இன்றும் உள்ளன. சேலம் பகுதியிலிருந்து ஆத்தூர்க் கணவாய் வழியாகக் கடற்கரைச் சமவெளிக்கு வரும் பாதையைக் காக்கும் இடம் இது. அதனால் 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், மைசூர்ப் படையினர் ஆகிய மூவரும் இக்கோட்டைக்காகப் போரிட்டனர். 1760-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி, ஹைதர் அலியின் உதவியைப் பெறுவதற்காக இதனை மைசூருக்கு விட்டுக்கொடுத்தார். 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. அடுத்த மாதமே தியாகதுருகம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1790-இல் திப்பு சுல்தானின் தாக்குதலை ஆங்கிலேயத் தளபதி ஃபிளின்ட் இங்கே முறியடித்தார்.

இவை போருக்கான பீரங்கிகள். ஆனால் கோட்டைப் பீரங்கி எதுவும் போருக்கு மட்டும் பயன்பட்டதில்லை. முற்றுகை இல்லாத நாட்களில் அதன் வேலை ஓசை எழுப்புவதுதான். இந்தக் கோட்டையில் அந்த வழக்கம் எப்படி இருந்தது என்பதைக் காட்டும் சான்று எதையும் இக்கட்டுரையாளர் கண்டதில்லை. சென்னையில் நல்ல சான்று இருக்கிறது.

பரங்கிமலையின் பீரங்கி

ஐரோப்பியரைக் குறித்த 'ஃபிரங்கி' என்ற பாரசீகச் சொல்லிலிருந்து வந்தவை பீரங்கி, பறங்கி என்னும் இரு சொற்களும். பரங்கிமலையில் பீரங்கி இருந்தது பொருத்தம்தான். அங்கும் புனித ஜார்ஜ் கோட்டையிலும் காலையும் மாலையும் குண்டில்லாமல் பீரங்கி சுடும் வழக்கம் இருந்தது. சென்னை வானாய்வகத்தின் தலைவர் ஜான் கோல்டிங்காம் இந்த அன்றாட ஓசையை ஓர் ஆய்வுக்குப் பயன்படுத்திக்கொண்டார். நுங்கம்பாக்கத்து வானாய்வகத்திலிருந்து பார்த்தால் முதலில் பீரங்கியின் ஒளி தெரியும், பிறகு ஓசை வரும். இரண்டுக்கும் இடைப்பட்ட விநாடிகளை அவரும் உதவியாளர்களும் மாதக்கணக்கில் குறித்துவைத்தனர். கோட்டை சுமார் 4¼ கிலோமீட்டர் தொலைவு, பரங்கிமலை சுமார் 9 கிலோமீட்டர். கோட்டையின் ஓசை வந்துசேர ஏறக்குறைய 12 விநாடி ஆகும். மலையின் ஓசைக்கு ஏறக்குறைய 26 விநாடி. ஒலியின் வேகம் மாதத்துக்கு மாதம், வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் காற்றுக்கும் ஏற்ப மாறுவதை அவர் பதிவு செய்தார். இந்த முடிவுகள் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் 1823-இல் வெளிவந்தன.

பின்னாளில் வானாய்வகத்தின் கடிகாரத்தையொட்டி இரவு 8 மணிக்குப் பீரங்கி சுட்டு ஊருக்கு நேரம் சொன்னார்கள். எடின்பரோவில் 1861 முதல் பகல் ஒரு மணிக்குப் பீரங்கி சுடப்படுகிறது. ஒவ்வொரு தெருவுக்கும் அந்த ஓசை எத்தனை விநாடி தாமதமாக வந்துசேரும் என்று காட்டும் வரைபடமே அங்கே அச்சிட்டு விற்கப்பட்டது. சமஸ்தானங்களில் பீரங்கி முழக்கம் அரசரின் தகுதியைக் குறித்தது. மைசூருக்கு 21, திருவிதாங்கூருக்கு 19, புதுக்கோட்டைக்கு 11. ஒரு முழக்கம் கூடவோ குறையவோ ஆனால் அது அரசியல் விவகாரம்.

இவை எல்லாவற்றிலும் சில ஏற்பாடுகள் பொதுவானவை. சுடும் இடம் மாறாது. மருந்து அளந்து போடப்படும். அதற்கென்றே பயிற்சி பெற்ற ஆட்கள் இருப்பார்கள். மற்றவர்கள் தள்ளி நிற்பார்கள்.

ஊர் வேட்டு

தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு ஓசைப் பீரங்கி என்றால் அதிர்வேட்டுதான். தடித்த இரும்புக் குழலில் மருந்தைக் கிட்டித்துத் திரி வைப்பார்கள். சாமி புறப்பாட்டைப் பக்கத்து ஊர் அறிந்துகொள்வது அந்த ஓசையால்தான். கேரளத்திலும் குமரிப் பக்கத்திலும் இதைக் கதினா என்பார்கள். வேட்டுப் போடுபவர் வாணக்காரர். எந்தக் குழல் எவ்வளவு மருந்தைத் தாங்கும் என்பது அவருக்குத் தெரியும். அந்த அறிவு குழலோடு சேர்த்து விற்கப்படும் பொருள் அல்ல.

கல்வராயன் மலையில் சாமையும் தினையும் விளையும் கொல்லைகளைக் காட்டுப்பன்றியிடமிருந்து காப்பதற்கும் ஓசை வேண்டியிருந்தது. பரண், தகரத் தட்டு, வேட்டு என்று இதற்குப் பல வழிகள் இருந்தன. இப்போது நாட்டின் பல பகுதிகளில் இந்த வேலைக்குப் பிளாஸ்டிக் குழாயில் செய்த கார்பைடு துப்பாக்கி வந்துவிட்டது. கார்பைடில் தண்ணீர் பட்டு எழும் அசிட்டிலின் வாயு பற்றி வெடிப்பதே இதன் தத்துவம். இதே தத்துவத்தில் அமெரிக்காவில் 1912 முதல் இரும்புப் பொம்மைப் பீரங்கிகள் விற்கப்பட்டன. அவற்றில் ஒரு முறைக்குச் சிட்டிகையளவு கார்பைடு மட்டுமே உள்ளே விழும். பிளாஸ்டிக் குழாயில் அந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. 2025 தீபாவளியை ஒட்டி மத்தியப் பிரதேசத்தில் இந்தக் குழாய்களால் நூற்றுக்கும் மேற்பட்டோர் கண்ணில் காயமடைந்தனர், சிலருக்குப் பார்வையே போயிற்று. அவர்களில் பெரும்பாலோர் சிறுவர்கள். வெடிக்கவில்லையே என்று குழாய்க்குள் எட்டிப் பார்த்தவர்களும் அவர்களில் உண்டு. அதை விற்றவர்கள் விளையாட்டுப் பொருள் என்றுதான் விற்றார்கள்.

வாங்க நினைப்பவர்

படகுப் போட்டிகளைத் தொடங்கிவைக்க அமெரிக்காவின் வின்செஸ்டர் நிறுவனம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு சிறு பீரங்கியைச் செய்தது. அதில் மருந்தை அள்ளிப் போட வேண்டியதில்லை. குண்டில்லாத வெற்றுத் தோட்டாவைப் பின்புறம் செருகினால் போதும். மருந்தின் அளவைச் சுடுபவர் கூட்டவோ குறைக்கவோ முடியாது என்பதே இதன் சிறப்பு. ஆயினும் வெற்றுத் தோட்டா என்றால் தீங்கற்றது என்று பொருளல்ல. 1984-இல் அமெரிக்க நடிகர் ஜான் எரிக் ஹெக்சம், படப்பிடிப்புத் தளத்தில் வெற்றுத் தோட்டா போட்ட துப்பாக்கியை நெற்றிப்பொட்டில் வைத்து விளையாட்டாகச் சுட்டு இறந்தார். குழல்வாயிலிருந்து வரும் அழுத்தமே உயிரைப் பறிக்கப் போதும்.

இந்தியாவின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கி வகைக்கான வரையறை பீரங்கியையும் அதை ஏற்றும் வண்டியையும் சேர்த்தே சொல்கிறது. பழங்காலத்தது, சிதைந்தது என்று விலக்குப் பெற வேண்டுமானால், பழுதுபார்த்தாலும் சுட முடியாத நிலையில் அது இருக்க வேண்டும் என்கிறது 45-ஆம் பிரிவு. 'குண்டு போட மாட்டேன்' என்ற வாக்குறுதி அந்தப் பிரிவில் இல்லை. கருமருந்து செய்வதும் விற்பதும் 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் கீழ் வருகின்றன. அந்தச் சட்டம் எதற்கு என்று இப்பகுதியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2021 அக்டோபர் 26 அன்று சங்கராபுரத்தில் பட்டாசுக் கடை வெடித்துச் சிதறியதில் பல உயிர்கள் போயின.

ஆகவே இங்கே வாங்கக்கூடியது பீரங்கியின் உருவம் மட்டும்தான். கடைகளில் கிடைக்கும் பித்தளைப் பீரங்கிகள் மேசை அலங்காரத்துக்காக வார்க்கப்பட்டவை. உள்ளே வார்ப்புக் குமிழிகள் இருக்கலாம். யாரும் அவற்றைச் சுட்டுச் சோதித்ததில்லை. வெண்கலக் குழல் அழுத்தம் மிஞ்சினால் பெரும்பாலும் முதலில் புடைத்துக் காட்டும், வார்ப்பிரும்பு முன்னறிவிப்பின்றிச் சிதறும். பழைய இரும்புக் குழல் என்றால் உள்ளே துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்பதை வெளியிலிருந்து சொல்ல இயலாது. வாங்குபவர் குழலின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். மேற்புறத்தில் திரி வைக்கும் துளை இருந்து அது குழலுக்குள் திறந்தால், அந்தப் பீரங்கியைக் கடையிலேயே விட்டுவிடலாம். துளையே இல்லாமல், அடிப்பகுதி கெட்டியாக வார்க்கப்பட்டதே வீட்டுக்கு ஏற்றது.