சட்டத்தின் மௌனத்துக்குப் பொருள் சொல்வது யார்? ஷெவ்ரான் கோட்பாட்டுக்குப் பின்

அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் ஹெர்ரிங் மீன் பிடிக்கப் புறப்படும் படகு, பிடிபடும் மீனைக் கணக்கெடுக்கக் கண்காணிப்பாளர் ஒருவரையும் ஏற்றிச் செல்ல நேரலாம். 1976ஆம் ஆண்டின் மக்னூசன்-ஸ்டீவன்ஸ் சட்டத்தில் இதற்கு வெளிப்படையான இடம் 1990 திருத்தத்தில் வந்தது. அவருக்கான செலவுக்கு யார் பொறுப்பு? வெளிநாட்டுப் படகுகள், வட பசிபிக் மீன்வளம், வரம்பிட்ட மீன்பிடி உரிமைத் திட்டங்கள் சில ஆகிய மூன்று இடங்களில் மட்டும் தொழில் நடத்துவோரே ஏற்க வேண்டும் என்கிறது சட்டம். அட்லாண்டிக் ஹெர்ரிங்கைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 2020இல் தேசியக் கடல் மீன்வள முகமை பிறப்பித்த விதி, அங்கும் செலவைப் படகு உரிமையாளர்மேல் வைத்தது. நாளொன்றுக்கு 710 டாலர் வரை ஆகலாம் என்பது மதிப்பீடு.

இந்த மௌனத்தை அனுமதி என்று கொள்வதா, தடை என்று கொள்வதா? 40 ஆண்டுகளாக இத்தகைய கேள்விகளுக்கு ஷெவ்ரான் வழக்கே வழிகாட்டியது. சட்டம் தெளிவாக இருந்தால் அதன்படி நடக்க வேண்டும். தெளிவில்லையென்றால், முகமை கூறும் பொருள் நியாயமான வரம்புக்குள் இருக்கும்வரை நீதிமன்றம் தன் கருத்தை ஒதுக்கிவைத்து அதை ஏற்க வேண்டும்.

அந்த 1984 வழக்கை நெருங்கிப் பார்த்தால்தான் கோட்பாட்டின் பலமும் பலவீனமும் புலப்படும். 1977இல் திருத்தப்பட்ட தூய காற்றுச் சட்டம், மாசு மிகுந்த பகுதிகளில் புதிதாக எழும் 'நிலையான மாசு மூலம்' ஒவ்வொன்றுக்கும் கடுமையான அனுமதி முறையை விதித்தது. தொழிற்சாலையின் ஒவ்வொரு கொதிகலனும் ஒரு மூலமா, முழுத் தொழிற்சாலையுமே ஒரே மூலமா? அதிபர் கார்ட்டர் காலத்தில், 1980இல், சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தனித்தனிக் கருவிகளையும் எண்ணியது. ரீகன் பதவியேற்ற 1981இலேயே முழு ஆலையையும் ஒரு குமிழிக்குள் அடக்கியது. ஒரு புகைபோக்கியில் கூடுவதை இன்னொன்றில் குறைத்து ஈடுகட்டினால் போதும் என்றாயிற்று. உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்டீவன்ஸ் எழுதிய ஒருமித்த தீர்ப்பு இந்த மாற்றத்தை ஏற்றது. கொள்கைத் தேர்வு மக்களுக்குப் பதில் சொல்லும் ஆட்சியின் வேலை, நீதிபதியின் வேலையன்று என்பது அவருடைய வாதம். அதில் உண்மை உண்டு. ஆனால் சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறாமல், ஆட்சி மாறியதும் சட்டத்தின் பொருள் மாறியது. இந்த ஊசலாட்டத்துக்கு நீதிமன்றம் தந்த இசைவைத்தான் கோட்பாட்டின் மெய்யான குறையாக நான் காண்கிறேன். 2005இல் பிராண்ட் எக்ஸ் வழக்கு இன்னும் ஒருபடி மேலே போயிற்று: தெளிவற்ற சட்டத்துக்கு நீதிமன்றம் முன்பே கூறிய பொருளையும் முகமை பின்னர் மாற்றிக்கொள்ளலாம் என்றது.

ஹெர்ரிங் படகு உரிமையாளர்கள் தொடுத்த லோபர் பிரைட் வழக்கில், 2024 ஜூன் 28 அன்று, ஷெவ்ரான் வீழ்ந்தது. சட்டக் கேள்விகளை நீதிமன்றமே முடிவு செய்ய வேண்டும் என்ற 1946ஆம் ஆண்டு நிர்வாக நடைமுறைச் சட்டத்தின் கட்டளையைத் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் பற்றிக்கொண்டார். அந்த வாசகத்தை அப்படிப் படிப்பதே நேரானது. ஆனால் ஒவ்வொரு தெளிவின்மைக்கும் 'மிகச் சிறந்த பொருள்' ஒன்று உண்டு, முயன்றால் நீதிபதி அதை எட்டிவிடுவார் என்ற நம்பிக்கையை என்னால் ஏற்க இயலவில்லை. மாறுபட்ட தீர்ப்பில் நீதிபதி கேகன் காட்டிய எடுத்துக்காட்டுகள் வலுவானவை. அமினோ அமிலத் தொடர் எப்போது புரதமாகிறது? கிராண்ட் கேன்யனுக்குமேல் விமானங்கள் பறக்கையில் எவ்வளவு ஒலி குறைந்தால் இயற்கை அமைதி மீண்டதாகும்? இவற்றுக்கு விடை அகராதியில் இல்லை. ஹெர்ரிங் செலவு யாருடையது என்ற கேள்விக்கே உச்ச நீதிமன்றம் விடை சொல்லவில்லை. வழக்கைக் கீழே திருப்பியனுப்பியது. அளவுகோலை முதலில் திருத்துவது அதன் வழக்கம்தான். ஆயினும் அந்த விடை எளிதில் கிட்டக்கூடியதன்று என்பதையும் மறக்கக் கூடாது.

இனிச் செல்லவேண்டிய வழி 1944ஆம் ஆண்டின் ஸ்கிட்மோர் வழக்கில் இருக்கிறது. டெக்சாஸ் இறைச்சி ஆலை ஒன்றில், தீ அணைக்க அழைப்பு வரலாம் என்று இரவில் ஆலையிலேயே தங்கிய தொழிலாளர்கள் அந்நேரத்துக்குக் கூடுதல் ஊதியம் கேட்டனர். ஊதியத் துறை நிர்வாகியின் கருத்து நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்றார் நீதிபதி ஜாக்சன். ஆயினும் ஆய்வின் முழுமை, காரணங்களின் வலு, முன்னும் பின்னும் கூறியவற்றோடு உள்ள இசைவு ஆகியவற்றைப் பொறுத்து அக்கருத்துக்கு எடை உண்டு என்றார். லோபர் பிரைட் தீர்ப்பு இதை விலக்கவில்லை. சட்டம் பிறந்த காலத்திலேயே எழுந்து மாறாமல் நின்ற பொருள்கோளுக்குத் தனி மதிப்பு உண்டு என்றும் ஒப்புகிறது. கீழ் நீதிமன்றங்கள் இந்த ஒப்புதலை ஓரத்தில் தள்ளாமல் ஆய்வின் மையத்தில் வைக்க வேண்டும்.

அப்படி வைத்தால் ஹெர்ரிங் விதியை எப்படிச் சோதிப்பது? கண்காணிப்பாளர் பிரிவு வந்து 30 ஆண்டு கழித்தே இந்த விதி எழுந்தது. காலதாமதம் மட்டுமே அதை வீழ்த்தாது. ஆனால் மூன்று இடங்களில் கட்டணத்தைப் பெயர் சொல்லி விதித்த அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ், நான்காம் இடத்தில் வாளாவிருந்ததற்குக் காரணம் காட்டும் சுமை முகமையினுடையது. தன் பழைய நடைமுறையைக் கொண்டும், செலவைப் படகின்மேல் வைக்காவிட்டால் கண்காணிப்பே நின்றுபோகும் என்பதற்கான தரவைக் கொண்டும் அது அதை நிறுவ வேண்டும். நிறுவினால் நீதிபதி செவிசாய்க்க வேண்டும்.