வயிற்றில் எண்ணெய் சுமந்த அன்னம்

இத்தாலியில் கொர்த்தோனான்னு ஒரு ஊர். 1840-ல் அதன் பக்கத்தில் மண்ணுக்குள்ளிருந்து ஒரு வெண்கலத் தூக்கு விளக்கு கிடைத்தது. ரோமானியர்கள் தலையெடுப்பதற்கு முன்னால் அங்கே கொடிகட்டிப் பறந்த எட்ரூஸ்கர்கள் வார்த்தது. எடை கிட்டத்தட்ட 58 கிலோ, மொத்தம் 16 திரி. சுற்றிலும் பெண் முகமும் பறவை உடம்புமாகச் சைரன்கள், இடையிடையே வேறு உருவங்கள். சைரனை நம்ம கோயில் கின்னரிக்கு ஒன்றுவிட்ட அக்கான்னு வைத்துக்கொள்ளுங்களேன் :-)

அந்தரத்தில் தொங்கும் தீபத்துக்குச் சிறகுள்ள ஒன்றைத் துணை வைக்கும் யோசனை நம்மவர்களுக்கும் தோன்றியிருக்கிறது. எங்க மண்டைக்காடு இருக்கும் நாஞ்சில் நாட்டுப் பக்கமும் கேரளத்திலும் பழைய தூக்கு விளக்குகளில் அன்னமோ கிளியோ உட்கார்ந்திருக்கும். பாலையும் தண்ணீரையும் பிரிக்கும்னு புராணம் சொல்கிற அதே அன்னம்தான். யாரும் யாரையும் பார்த்துக் காப்பியடித்ததாக நான் சொல்ல வரவில்லை.

நம்ம ஆட்கள் செய்த சில விளக்குகளில் பறவை வெறும் அலங்காரம் இல்லை. அதன் வயிறுதான் எண்ணெய்த் தொட்டி. அகலில் எண்ணெய் குறைந்து துளையின் வாய் திறந்தால் காற்று உள்ளே போகும், எண்ணெய் சொட்டும். வாய் மூடியதும் நின்றுவிடும். ஆபீஸில் கவிழ்த்து வைத்த 20 லிட்டர் தண்ணீர் கேன் வேலை செய்வதும் இப்படித்தான்!

நாச்சியார்கோயில் குத்துவிளக்கின் உச்சியில் நிற்கும் அன்னத்துக்கும் எங்க ஊர்ப்பக்கம் சம்பந்தம் உண்டு. அங்கே விளக்கு வார்க்கும் கம்மாளர்களின் முன்னோர் 19ஆம் நூற்றாண்டில் நாகர்கோவிலிலிருந்து போனவர்கள் என்று சொல்வார்கள். அந்த ஊர் வண்டல் மண் வார்ப்புக்குத் தோதாக இருந்ததாம், தங்கிவிட்டார்கள்.

ஆனால் வெண்கலத்தை எப்போது வேண்டுமானாலும் உருக்கிவிடலாம். கி.மு. 264-ல் ரோமானியர்கள் வொல்சினி நகரிலிருந்து 2,000 சிலைகளை அள்ளிப்போனதைப் பற்றி பிளினி எழுதியிருக்கிறார். எட்ரூஸ்க வெண்கலத்தில் பெரும்பகுதி இன்று இல்லை. கொர்த்தோனா விளக்கு தப்பியது மண்ணுக்குள் கிடந்ததால்.

நம்ம வீடுகளில் அந்த வேலையைப் பாத்திரக்கடைத் தராசு செய்கிறது. எங்க ஆச்சி காலத்துத் தூக்கு விளக்கு, சங்கிலி அறுந்ததும் எவர்சில்வர் அண்டாவாக மாறிப்போச்சு. அதன் வயிற்றில் எண்ணெய் நின்றதா, எந்த வழியாகச் சொட்டியதுன்னு அம்மாவுக்கு ஞாபகமில்லை. எடை மட்டும் ஞாபகமிருக்கு: நாலு கிலோ.

உங்க வீட்டுப் பரணில் வெண்கலப் பறவை ஏதாவது கிடந்தால், தராசுக்குப் போகுமுன் தட்டிப் பாருங்கள். உள்ளே காலியாகச் சத்தம் கேட்டால் எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். அப்படியே எண்ணெய் ஊற்றி ஒரு ராத்திரி எரியவிடுங்கள்.